கணவரின் ஊழியத்துக்காக என் வீட்டை அடமானம் வைக்க மறுப்பது அவிசுவாசமா?

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து 44 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரத்தை, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, முதலில் தருகிறேன். அவர் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. 49 வயதான கணவர் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவர். சென்ற ஆண்டு தகப்பனார் இறந்த மூன்றாம் மாதம், ஓர் உபவாசக் கூட்டத்தில் கர்த்தர் தம்மை முழுநேர ஊழியத்துக்கு அழைத்ததாகச் சொல்லி, மனைவியிடம் கலந்து பேசாமலே வேலையை ராஜினாமா செய்துவிட்டார். பி.எஃப். பணம் மண்டபத்துக்கு முன்பணமாகவும் ஒலிபெருக்கிச் சாதனங்களாகவும் கரைந்தது. மனைவியின் நகையில் 14 பவுன் அடகில் இருக்கிறது. இப்போது சபைக் கட்டடத்துக்கு இடம் வாங்குவதற்காக, மனைவிக்கு அவருடைய தாயார் எழுதிக்கொடுத்த எட்டு சென்ட் நிலத்தையும் வீட்டையும் அடமானம் வைக்கக் கையெழுத்துக் கேட்கிறார். மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

கையெழுத்துப் போட மனம் வராத இச்சகோதரி, பத்திரம் அண்ணனிடம் இருப்பதாகக் கணவரிடம் சொல்லிவிட்டு, பள்ளியில் தம் மேசை அறையில் அதைப் பூட்டி வைத்திருக்கிறார். கணவரை வழிநடத்தும் மூத்த போதகர், "சப்பீராளைப் போல ஒளித்து வைக்கிறாய்" என்று ஜெபக்கூட்டத்திலேயே எச்சரித்திருக்கிறார். புத்தாண்டு ஆராதனையில் இச்சகோதரி எடுத்த வாக்குத்தத்தச் சீட்டில் வந்த வசனமோ, "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து, அவர்மேல் நம்பிக்கையாயிரு, அவரே காரியத்தை வாய்க்கப்பண்ணுவார்" என்பது. அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்தச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் தாம் குற்றவாளியாக நிற்பதுபோல் தோன்றுவதாகவும், இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்து விடியும்வரை வட்டிக் கணக்கே மனத்தில் ஓடுவதாகவும் எழுதியிருக்கிறார். "நான் கர்த்தரை நம்பவில்லையா? முழுவதுமாக ஒப்புக்கொடுக்க என்னால் ஏன் முடியவில்லை? கணவருக்குக் கீழ்ப்படியாமல் இருப்பது பாவமில்லையா?" என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். குடும்பநல ஆலோசகராகவும், உங்களைப் போலவே ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறவளாகவும் இதற்குப் பதில் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் கையெழுத்தை நீங்கள் போடத் தேவையில்லை. அதைப் போடாததனால் உங்கள் விசுவாசம் குறைந்துபோவதுமில்லை. ஆனால் நீங்கள் நடந்துகொண்ட விதத்தில் திருத்திக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது; அதையும் மறைக்காமல் சொல்வேன்.

சப்பீராளின் கதையை முழுமையாக வாசியுங்கள்

உங்களை இவ்வளவு பயமுறுத்தியிருக்கும் அந்தச் சம்பவம் அப்போஸ்தலர் நடபடிகள் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. சப்பீராளின் கணவன் அனனியாவிடம் பேதுரு கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ?" என்பது. நிலத்தை விற்காமலே வைத்துக்கொள்ளவும், விற்ற பணத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவும் அவனுக்கு உரிமை இருந்தது என்பதைப் பேதுரு அங்கேயே ஒப்புக்கொள்கிறார். ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு முழுவதையும் கொடுத்ததாகச் சொன்ன பொய்யே அங்கே கண்டிக்கப்பட்டது. கொடுக்காமல் இருந்ததற்காக அந்த வீட்டில் யாரும் தண்டிக்கப்படவில்லை.

அதைவிட முக்கியமாக, அந்த மனைவியின் பங்கு என்ன என்பதைக் கவனியுங்கள். அவள் கணவனை எதிர்த்தவள் அல்லள், அவனோடு ஒருமனப்பட்டவள். ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்துத் தனியாக உள்ளே வந்தவளிடம் பேதுரு தனியாகக் கேள்வி கேட்கிறார், அவள் பதிலுக்கு அவளையே பொறுப்பாக்குகிறார். "என் கணவர் சொன்னார், அதனால் செய்தேன்" என்ற சாக்கு அங்கே செல்லவில்லை. ஒரு பெண் தன் மனசாட்சிக்குத் தானே தேவனுக்குமுன் கணக்குக் கொடுக்கிறாள் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடத்தை நான் வேதத்தில் பார்த்ததில்லை. கணவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும் என்று உங்களை மிரட்ட இந்தப் பகுதியை எடுத்துப் பேசுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

ஆயினும் அதே அதிகாரம் உங்களையும் ஒரு கேள்வி கேட்கிறது. பத்திரம் அண்ணனிடம் இருக்கிறது என்று சொன்னது பொய். பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருப்பது உங்கள் உரிமை. அதற்குப் பொய் தேவையில்லை. "பத்திரம் என்னிடம்தான் இருக்கிறது, அதை அடமானத்துக்குக் கொடுக்க மாட்டேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். உங்கள் மனத்தை அரிக்கும் குற்றவுணர்வில் பெரும்பகுதி இந்தப் பொய்யினால் வந்தது என்றும், அதையே நீங்கள் "ஒப்புக்கொடுக்காத பாவம்" என்று தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் கருதுகிறேன்.

நம்பிக்கையும் குடும்பப் பொறுப்பும்

உங்கள் கணவர் ஜார்ஜ் முல்லரை அடிக்கடி எடுத்துக்காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல எடுத்துக்காட்டுத்தான், ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும். பிரஷ்யாவில் 1805-இல் பிறந்து, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 10,000-க்கும் மேற்பட்ட அநாதைப் பிள்ளைகளை வளர்த்த முல்லர், மனிதரிடம் பணம் கேட்பதில்லை என்பதில் எவ்வளவு உறுதியாக இருந்தாரோ, கடன் வாங்குவதில்லை என்பதிலும் அவ்வளவு உறுதியாக இருந்தார். கையில் பணம் வந்த பிறகே கட்டடம் எழும்பியது. வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிட்டார். நிலையான சம்பளம் வேண்டாம் என்று அவர் 1830-இல் முடிவு செய்தபோது மனைவி மேரியும் அதில் மனமொத்திருந்தார். மனைவியின் வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்து வாங்கும் கடனுக்கு முல்லரின் வாழ்க்கையில் ஆதாரம் கிடையாது. 22 ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்த உங்கள் கணவர், இதுவரை ஊழியத்துக்குச் செலவழித்ததற்கு ஒரு நோட்டுப் புத்தகம்கூட வைக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியில் நான் நின்றுவிட்டேன். அவரிடம் வாதாட வேண்டாம். முல்லரைப் போலக் கணக்கு எழுதும்படி அன்பாகக் கேளுங்கள்.

பவுலும் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாவோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்துகொண்டே பிரசங்கித்தார். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, நம்மவர் பணத்தைக் கொண்டே நடத்துவது என்று தீர்மானித்தார்கள். உலை வைக்கும்போது பிடி அரிசி எடுத்து வைத்த பெண்களும், மாதச் சம்பளத்தில் காணிக்கை பிரித்து வைத்த ஆண்களும் நம் சபைகளில் ஊழியங்களைத் தாங்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய் உழைத்துக் குடும்பத்தை நடத்தும் உங்கள் வேலை, ஊழியத்துக்கு இரண்டாம்தரமானது என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

குடும்பத்தைப் பற்றித் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபம் ஒளிவுமறைவின்றிப் பேசுகிறது: தன் வீட்டாரை விசாரியாதவன் "விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்." பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு மாற்கு ஏழாம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். பிள்ளைக்குச் சேர வேண்டிய கல்விக் கட்டணத்துக்கும் அந்தக் கண்டிப்பு பொருந்தும் என்றே நான் நம்புகிறேன். காணிக்கையைப் பற்றிப் பவுல் வைக்கும் அளவுகோலும் உங்களுக்குத் தெரிந்ததே: "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" கொடுக்க வேண்டும். அழுதுகொண்டும் பயந்துகொண்டும் நீங்கள் போடப்போகும் கையெழுத்து இந்த அளவுகோலில் தேறாது. உங்களுடையதை நீங்களே மனதாரக் கொடுத்தால் அது ஒப்புக்கொடுத்தல். உங்களுடையதை இன்னொருவர் தம்முடைய விசுவாசத்தின் பெயரால் ஒப்புக்கொடுக்க முடியாது.

கீழ்ப்படிதலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உபவாசத்துக்காகவும் ஜெபத்துக்காகவும் சிலகாலம் பிரிந்திருப்பதற்குக்கூட இருவர் சம்மதமும் வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதுகிறவர், குடும்பத்தின் பிழைப்பையே மாற்றுகிற முடிவை ஒருவர் மட்டும் எடுக்கலாம் என்று நினைத்திருப்பாரா? "கர்த்தர் அவரிடம் பேசினார், என்னிடம் ஏன் பேசவில்லை, என்னில் ஏதோ பாவம் இருக்கிறதோ" என்ற உங்கள் கவலைக்கும் இதுவே என் பதில். உங்கள் மனம் கலங்கி நிற்பதையும் அவருடைய அழைப்பைச் சோதித்துப் பார்க்க உதவும் ஒன்றாக அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

சட்டப்படி உங்கள் நிலை

திருமணம் ஆனதால் உங்கள் சொத்தில் கணவருக்கும் பங்கு உண்டு என்று எண்ணியிருக்கிறீர்கள். அது சரியல்ல. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, திருமணத்தின் மூலம் ஒருவர் தம் துணையின் சொத்தில் எந்த உரிமையும் அடைவதில்லை என்று சொல்கிறது. தாயார் உங்கள் பெயருக்கு எழுதிப் பதிவு செய்த நிலம் உங்களுடையது மட்டுமே. உங்கள் மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே 1916-இல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தில், உயில் இல்லாதபோது மகளுக்கு மகன் பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே கிடைத்தது. மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் தந்த தீர்ப்பு வரை இந்தச் சட்டம் செல்லுமா என்பது வழக்காடப்பட்டது. பெண் கைக்கு நிலம் வந்து சேர்வது எவ்வளவு அரிதாக இருந்தது என்பதை அறிந்த தலைமுறையைச் சேர்ந்தவர் உங்கள் தாயார். அவர் எதற்காக உங்கள் பெயருக்கு எழுதினார் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

அடமானத்தில் கையெழுத்திட்டால் என்ன ஆகும்? இணைக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டவுடன் முழுக் கடனுக்கும் நீங்களும் பொறுப்பாளி ஆகிறீர்கள். தவணை 90 நாள் தாண்டி நிலுவையானால் கடன் வாராக்கடன் ஆகும். அதன்பின் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் அவகாச நோட்டீஸ் அனுப்பிவிட்டு, வழக்குத் தொடுக்காமலே வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுக்க முடியும். சம்பளம் வருவது உங்களுக்கு மட்டுமே என்பதால் தவணையும் உங்கள் தலையில்தான் விழும். வாங்கப்போகும் இடம் யார் பெயரில் பதிவாகும் என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. பதிவு பெற்ற சங்கமோ அறக்கட்டளையோ இல்லாமல் மூத்த போதகரின் தனிப் பெயரில் பதிவாகுமானால், நாளை மனக்கசப்பு வந்தால் உங்கள் கணவருக்கே அதில் உரிமை இருக்காது. இதை அவரிடம் கேளுங்கள். கணக்குத் தெரிந்த மனிதர், யோசிப்பார்.

நகைகளும் உங்களுடையவை. திருமண நகைப் பட்டியல், ரசீதுகள், அடகுச் சீட்டின் நகல் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மீட்கும் தேதி தவறிப்போகாமல் பாருங்கள். மனைவியின் நகையையும் வீட்டுச் சொத்தையும் அவள் விருப்பமின்றிக் கைமாற்றுவதை 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருளாதார வன்முறை என்று வகைப்படுத்துகிறது. எந்த மதத்தினருக்கும் அது பொருந்தும், நிவாரணம் கேட்க விவாகரத்துக் கோரத் தேவையில்லை. உடனே வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் ஒருமுறை சாப்பாட்டுத் தட்டை வீசியதாக எழுதியிருக்கிறீர்கள். அது மீண்டும் நடந்தாலோ, கையெழுத்துக்காக உங்கள்மேல் கைவைத்தாலோ, 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள்.

உங்கள் கணவரைப் பற்றி

அவரை ஏமாற்றுக்காரர் என்றோ சோம்பேறி என்றோ எண்ண உங்கள் கடிதத்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. தகப்பனாரை அடக்கம் செய்த மூன்றாம் மாதத்தில் எடுத்த முடிவு அது. அடக்கத்தன்றுகூட அவர் அழவில்லை என்று போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். துக்கம் வெளிப்பட வழியில்லாமல் வாழ்க்கையையே தலைகீழாக மாற்றும் ஒரு பெரிய தீர்மானமாக வெடிப்பதை ஆலோசனை அறையில் நான் பார்த்திருக்கிறேன். அழைப்பு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அதைச் சோதித்தறியக் காலம் வேண்டும் என்று அர்த்தம். அவருடைய தகப்பனாரைப் பற்றி அவரிடம் பேசுங்கள். கடந்த சில மாதங்களாக யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரவில் இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல் இருத்தல், இடைவிடாத பேச்சு, கட்டுக்கடங்காத செலவு, தமக்கு மட்டும் விசேஷ வல்லமை உண்டென்ற எண்ணம் ஆகியவை சேர்ந்து காணப்பட்டால், அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அவசரமான காரியம். உபவாசமும் முழு இரவு ஜெபமும் செய்கிற எல்லோரையும் நோயாளிகள் என்று சொல்வது அநியாயம். நாள்கணக்கில் நீடிக்கும் மாற்றத்தையே நான் குறிப்பிடுகிறேன்.

உங்களுக்கு முன் மூன்று வழிகள் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சமாதானத்தை வாங்குவது ஒன்று. அந்தச் சமாதானம் முதல் தவணை தவறும்வரைதான் நிற்கும். பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது இன்னொன்று. அடி, மிரட்டல் என்ற நிலை வந்தால் அதுதான் சரி, இப்போது அந்தக் கட்டத்தில் நீங்கள் இல்லை. கையெழுத்தை மறுத்துவிட்டு, வீட்டிலேயே இருந்து, கணவரின் ஊழிய விருப்பத்துக்கு உங்களால் மனதாரத் தர முடிந்ததைத் தருவது மூன்றாவது. இதையே நான் ஆலோசனையாகச் சொல்வேன். அவர் பகுதிநேரமாகக் கணக்கு வேலை பார்த்துக்கொண்டு ஓராண்டு ஊழியம் செய்யட்டும், வாடகை மண்டபமே போதும், புதுக்கடன் கிடையாது, மாதக் கணக்கை இருவரும் உட்கார்ந்து பார்ப்பது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சைப் பகல் நேரத்தில், இருவரும் மதிக்கிற ஒருவரை உடன் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். நீங்கள் வளர்ந்த சபையின் ஓய்வுபெற்ற ஆயரைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அவர் பொருத்தமானவர். மூத்த போதகர் அந்த இடத்தில் வேண்டாம். கட்டடம் எழும்புவதில் அவருக்கும் நாட்டம் இருக்கிறது.

உங்கள் இரவுகளைப் பற்றி

அழுகை வருவதால் ஒப்புக்கொடுக்கவில்லை என்று நீங்கள் முடிவு கட்டியிருப்பது தவறு. கெத்செமனேயில் இயேசு மூன்று முறை ஜெபித்தார்; தமக்கு வேண்டியதை முதலில் வாய்விட்டுக் கேட்டார்; வியாகுலப்பட்டார். அதற்குப் பிறகே "என் சித்தத்தின்படியல்ல" என்ற வார்த்தை வந்தது. துக்கத்தையும் பயத்தையும் சொல்லாமல் விழுங்குவதற்குப் பெயர்தான் விசுவாசம் என்று யாரோ உங்களுக்குக் கற்றுத்தந்திருக்கிறார்கள். வாக்குத்தத்தச் சீட்டில் வந்த வசனமும் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அதில் ஒப்புவிக்கச் சொல்வது உங்கள் வழியை. மகளின் கட்டணம், வீட்டின் பத்திரம், உண்மையைப் பேசுவது ஆகியவை அந்த வழியில் நீங்கள் நடக்க வேண்டிய அடிகள். கணவரின் மனம் மாறுவது, சபையார் என்ன பேசுவார்கள் என்பது, ஓராண்டுக்குப் பிறகு ஊழியம் என்னவாகும் என்பது ஆகியவை உங்கள் கையில் இல்லை. இவற்றைத்தான் ஒவ்வொரு இரவும் கர்த்தரிடம் விட்டுவிட வேண்டும். இதில் உங்களுக்கும் ஒரு கடினமான பங்கு உண்டு. அவருடைய கைப்பேசியை அவர் அறியாமல் பார்ப்பதையும், அவர் ஊழியம் தோற்க வேண்டும் என்று உள்ளூர வேண்டிக்கொள்வதையும் நீங்களே அறிக்கையிட்டிருக்கிறீர்கள். அந்தப் பிடியைத் தளர்த்துவது உங்களிடம் கேட்கப்படும் அர்ப்பணிப்பு என்று நினைக்கிறேன்.

தூக்கம் கெட்டு மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது, படபடப்பும் இருக்கிறது என்பதால், ஒரு பொதுநல மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், தைராய்டு இரண்டையும் சோதித்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போவது ஜெபத்தில் நம்பிக்கை இல்லை என்பதற்கு அடையாளமாகாது.

இந்த வாரம் செய்ய வேண்டியவற்றில் முதலாவது, மகளின் கல்லூரிக் கட்டணம். கடைசித் தேதிக்கு முன் உங்கள் சேமிப்பிலிருந்து கட்டிவிடுங்கள். குறைந்தால் அவள் பெயரில் கல்விக் கடனுக்கு வங்கியில் விண்ணப்பியுங்கள். பத்திரத்தைப் பள்ளி மேசையிலிருந்து எடுத்து, உங்கள் பெயரில் ஒரு வங்கி லாக்கரில் வையுங்கள். வில்லங்கச் சான்று ஒன்று எடுத்து, நிலத்தின் பேரில் ஏற்கெனவே ஏதும் பதிவாகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதன்பின் பத்திரம் எங்கே இருக்கிறது என்பதை உங்கள் கணவரிடம் நீங்களே சொல்லுங்கள். ஆயர் முன்னிலையில் பேசி முடித்ததும், முடிந்தால் உங்கள் கணவரையும் அழைத்துக்கொண்டு, உங்கள் ஊரில் உள்ள குடும்பநல ஆலோசகர் ஒருவரை நேரில் சந்தியுங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள்.